வீடு வடக்கே நடந்து போன வெள்ளிக்கிழமை

சாலுகாந்தி உபஜிலா,
ஆவணி இருபது.

அன்பு மச்சான் கைருல் அவர்களுக்கு, மொஸ்லேம் பிரமாணிக் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்களும் மனைவி மக்களும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. என் பேரில் கோபம் மட்டும் கொஞ்சம் நலிந்திருக்கட்டும்.

இரவல் போனில் எத்தனை முறை கூப்பிட்டும் நீங்கள் எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம். தாய்மாமன் நீங்கள் டாக்காவிலிருந்து இரண்டு பெட்டி மிட்டாயோடு மருமகள் கல்யாணத்துக்கு வந்து இறங்கினால், வீடு இருந்த இடத்தில் நதி ஓடுகிறது. கரையில் விசாரித்திருக்கிறீர்கள். "வீடு வடக்கே நடந்து போச்சு" என்று ஒருவன் சொன்னதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டீர்கள். மச்சான், அவன் கேலி செய்யவில்லை.

சம்பந்தி, மாப்பிள்ளை லுத்ஃபரின் அப்பா இத்ரிஸ் ஹாஜி, நிச்சயத்தன்று போட்ட ஒரே நிபந்தனை உங்களுக்குத் தெரியும். பெண்ணை அவள் வீட்டு வாசலிலிருந்துதான் அழைத்துப் போவேன், மண்டபத்திலும் மற்றவர் முற்றத்திலும் வந்து நிற்கமாட்டேன் என்றார். நானும் மீசையைத் தடவிக்கொண்டு சரி என்றேன். வெள்ளிக்கிழமை விடியற்காலைத் தொழுகை முடித்துத் திரும்பினால் நதி கரையை அறுத்துவிட்டது, பலாமரத்தைக் காணோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களை போனது. போன் அடுக்களை மாடத்தில் இருந்தது, அதுவும் போனது. நதி வாசற்படிக்கு வந்துவிட்டது. நான் யாரையும் கூப்பிடவில்லை. பெண் கல்யாணம் போயிற்று என்று கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மீன்பிடிக்கும் ஹரிபதன் மாலோ மட்டும் தன் படகிலிருந்து ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வரப்புத் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தியவர்கள், தேர்தலில் எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள், எல்லோரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தகர வீட்டின் கால்களை மண்ணிலிருந்து பெயர்த்து, அடியில் மூங்கில்களைக் குறுக்கே கட்டி, ஹரிபதன் "ஹேயோ" என்றதும் கூரையோடு சுவரோடு என் வீடு எழுந்து நின்றது. அதில் இருபது வருஷம் குடியிருந்தவன் நான். அது எழுந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

இதில் உங்கள் அக்கா ஒரு பிடிவாதம் பிடித்தாள். மஞ்சள் பூசிய பெண் நிக்காஹ் முடியாமல் வெட்டவெளிக்கு வரக்கூடாதாம். "நதி வந்தாலும் சரி, பொண்ணு வெளிய வரமாட்டா. நீங்க தூக்குங்க, நாங்க உள்ளேயே நடந்து வர்றோம்." கூரை மேலே, தரை மட்டும் ஊருடையது. உள்ளே மணக்கோலத்தில் ஜொபேதாவும் பாயசப் பானையோடு உங்கள் அக்காவும் நடந்தார்கள். நான் முன் மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தலை திருப்ப முடியாமல் நடந்தேன்.

நடக்கும் வீட்டைக் கண்டால் யாருடையது என்று கேட்காமல் தோள் கொடுப்பது நம் பக்கத்து மரியாதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் வீட்டுக்காரன் கூனிக் குறுகிப்போவான். அந்த மரியாதைதான் வினையாயிற்று. படகுத்துறை காணாமல் போனதால் வேறெங்கோ இறங்கி வழி தெரியாமல் அலைந்த ஒரு கூட்டம் பின்னாலிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல் தோளைக் கொடுத்தது. வீடு பின்பக்கம் சாய்ந்தது. உள்ளேயிருந்து ஜொபேதா சத்தம் போட்டாள்.

"பின் மூலையில யாரு? அது தோளா, தலகாணியா? பாயசம் சிந்துது."

"ஏம்மா, நாங்க சுமக்குறோம், நீங்க உள்ள விருந்து நடத்துறீங்களா?" என்றது பின்னாலிருந்து ஓர் இளங்குரல்.

"எனக்கு இன்னிக்குக் கல்யாணம். வெளிய வரக்கூடாது."

"எனக்கும் இன்னிக்குத்தான் கல்யாணம். தலப்பாகையக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டு உங்க வீட்டத் தூக்கிட்டு வர்றேன். என்னைக் கேக்க ஆளில்ல."

ஜொபேதா தகரச் சுவரருகே வந்து மெதுவாக, "மாப்பிள்ளை பேரு?" என்றாள்.

"லுத்ஃபர்."

உங்கள் அக்கா பானையைக் கீழே போட்டுவிட்டாள். ஜொபேதா மட்டும் நிதானமாக, "அப்பக் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க" என்றாள்.

மச்சான், அத்தனை ஆட்களும் சிரித்த சிரிப்பில் வீடு குலுங்கிற்று. ஹரிபதன் இறக்கச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் பின் மூங்கிலடியில் வெள்ளைத் தாடி முழுக்கச் சேறாக ஹாஜி நிற்கிறார்.

"எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டார்.

"தெரியல, ஹாஜி சாஹேப். எடம் இல்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கரைமேட்டை ஒட்டிய தன் சணல் அறுத்த வயலைப் பார்த்தார். "பொண்ண அவ வீட்டு வாசல்ல இருந்துதான் அழைப்பேன்னு சொன்னவன் நான். வாசலுக்கு மண்ணு வேணுமில்ல? இங்கேயே வீட்ட ஊனுங்கப்பா."

ஊன்றினார்கள். லுத்ஃபர் நதியில் முகம் கழுவித் தலைப்பாகை கட்டிக்கொண்டு, தானே சுமந்து வந்த வீட்டு வாசலில் மாப்பிள்ளையாக வந்து நின்றான். நான் அழுதேன், மறைக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதர்கள் நடுவில்தான் இத்தனை காலம் வரப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் மலைப்பாக இருக்கிறது.

ஆனாலும் மானம் என்று ஒன்று உண்டே. வீட்டோடு மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கிறோம், வீட்டோடு மாமனாரை யாராவது கேள்விப்பட்டதுண்டா? சம்பந்தி மண்ணில் எத்தனை நாள் சாப்பிடுவது? இந்த மாதமே உங்கள் அக்காவும் நானும் டாக்கா வந்துவிடுவதாக முடிவு. உங்கள் தெருவில் ஓர் அறை பாருங்கள். முடிவில் மாற்றமே இல்லை.

பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்கள் கோபத்தை ஆற்றி, உங்கள் சுவர்களை நின்ற இடத்திலேயே நிற்க வைப்பானாக.

இப்படிக்கு,
மொஸ்லேம் பிரமாணிக்

பின்குறிப்பு: அறை பார்க்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது ஹரிபதன் குரல் கேட்டது. நதி இப்போது கடைத்தெருவுக்குப் பின்னால் திரும்பி ஹாஜி வீட்டு முற்றத்தைத் தின்கிறது. அந்த வீட்டுக்கும் மூங்கில் கட்டியாயிற்று, ஜொபேதா மாமியாரோடு உள்ளே நிற்கிறாள். என் வீட்டுக்குப் பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது. அவருடைய வயல்தான், ஆனாலும் மொஸ்லேம் வந்து அழைக்காமல் அங்கே வரமாட்டேன் என்று ஹாஜி கரையில் உட்கார்ந்திருக்கிறாராம். அழைக்கப் போகிறேன்.