முப்பத்திரண்டாம் பக்கத்தின் வெண்மை

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் அடைந்த மாபெரும் முன்னேற்றம், கண்டியில் எங்கள் மாத இதழின் முப்பத்திரண்டாம் பக்கத்தில் நிகழ்ந்தது. அது சினிமா விமர்சனப் பக்கம். எழுதுபவள் நான்.

விமர்சனத்தை யாரும் வாசிப்பதில்லை என்று ஆசிரியர் ராஜரத்தினம் கண்டறிந்தார். குற்றம் எழுத்திலா, வடிவமைப்பிலா? ஆராய்வதற்கு 'பக்க அழகியல் ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. ஆசிரியர் தலைவர். பக்கம் வடிவமைக்கும் பஹ்மி செயலாளர். நான் ஆய்வுப் பொருள்.

முதல் கூட்டத்துக்கு முன்பே, மூன்று வருட விமர்சனங்களையும் பஹ்மி சுவரில் தலைகீழாக ஒட்டியிருந்தார்.

"ஏன் தலைகீழா?" என்று கேட்டேன்.

"நேரா ஒட்டினா வாசிச்சிருவீங்க மிஸ். பொறகு டிசைன் வெளங்காது."

எவ்வளவு ஆழமான சிந்தனை. கழுத்தைச் சாய்க்காமல் ஒரு மணி நேரம் பார்த்தோம். முடிவு ஏகமனதானது: என் பக்கத்தின் ஒரே குறை, அதில் இருந்த எழுத்துகள்.

அந்த மாதம் நான் எழுத வேண்டிய படம் ஹுன்னஸ்கிரியவில் எடுத்தது. கதாநாயகி முழங்கை வரை வளையலோடு, பாடிக்கொண்டே தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்குப் பின்னால் உண்மையாகவே பறிப்பவள் பாலம்மா. பன்வில தோட்டத்திலிருந்து லொறியில் கூட்டிப்போனவர்களில் ஒருத்தி. ஒரு வசனமும் பேசுகிறாள். படத்தில் அவள் பெயரைப் போடவில்லை.

"லயத்து வீடுகள்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்கக்கா," என்று என்னிடம் வந்து சொன்னாள். "அது வேற யாரோங்கிறாங்க. புஸ்தகத்துல பேர் வந்தாத்தான் வாய மூடுவாங்க."

"கட்டாயம் போடுறேன் பாலம்மா."

எண்ணூறு சொற்கள் எழுதினேன். அவள் பெயர் கடைசிப் பந்தியில் இருந்தது.

இரண்டாம் கூட்டம் அதை நானூறாக்கியது. மூன்றாம் கூட்டத்தில் பஹ்மி 'வெள்ளை வெளி'யை அறிமுகம் செய்தார்.

"கண்ணு மூச்சு விடணும் சேர்."

"எவ்வளவு விடும்?" ஆசிரியர் கவலையோடு கேட்டார்.

"அரைப் பக்கம்."

"பத்துமா? நம்ம வாசகர்கள்ல வயசானவங்களும் இருக்காங்களே."

வயதானவர்களின் நலன் கருதி முக்கால் பக்கம் ஒதுக்கப்பட்டது. மிஞ்சிய கால் பக்கத்தில் மூன்றரை நட்சத்திரங்கள், கதாநாயகியின் படம், விமர்சகராகிய என் படம். விமர்சனத்துக்கு ஒரு வரி கிடைத்தது: 'பசுமையான படம், பார்க்கலாம்.'

"பாலம்மா பேர் வரணுமே," என்றேன்.

"ஒங்கட போட்டோவ எடுத்தா இன்னும் மூணு வரி வரும் மிஸ்."

நான் என் உள்ளத்துக்குள் இறங்கினேன். இறங்குவது என் வழக்கம். அங்கே சுயநலம் ஒளிந்திருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன், மருந்துக்கும் இல்லை. 'சமநிலை' என்ற பேருண்மை மட்டும், சற்றுப் புன்னகைத்தபடி, என் முகச் சாயலில் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தால் பக்கம் இடது புறமாகச் சரிந்துவிடும். ஒரு பக்கத்தைச் சரியவிட எனக்கு என்ன உரிமை?

"இருக்கட்டும் பஹ்மி," என்றேன். தியாகம் செய்த களைப்பு அன்று முழுவதும் இருந்தது.

இதழ் வெளிவந்த மறுநாள், கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் பாலம்மா என்னைப் பிடித்துவிட்டாள். பன்வில பஸ்ஸுக்காக அவளோடு நின்ற மூன்று பெண்களும் அதே காட்சியில் கூடை சுமந்தவர்கள். அவள் கையில் முப்பத்திரண்டாம் பக்கம் விரிந்திருந்தது.

"உங்க மூஞ்சி நல்லா விழுந்திருக்குக்கா."

அடக்கமாகத் தலையசைத்தேன்.

"இந்த வெள்ளையா கெடக்கே, இது என்னா?"

கண்ணின் சுவாசம் தொடங்கி முதியோர் நலன் வரை விளக்கினேன். நால்வரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"அப்ப இதுல ஒண்ணுமே வராதா?"

"வராது. அதுதான் அழகு."

"பேனா இருக்கா?"

கொடுத்தேன். அருகில் நின்ற பஸ்ஸின் தகரத்தில் பக்கத்தை அழுத்திப் பிடித்து, 'பாலம்மா' என்று பெரிதாக எழுதினாள். பேனா கைமாறியது. வீரம்மா எழுதினாள், வேலாயி எழுதினாள். பேச்சியம்மா தன் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் எழுதி, கொழுந்துக் கூடை ஒன்றையும் வரைந்தாள். சிரிப்பில் பஸ்ஸே ஆடியது.

பாலம்மா பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்தை மட்டும் விடவில்லை. என் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"இன்னும் எவ்வளவோ எடம் கெடக்குக்கா. படத்தப் பத்தி நீங்களும் ரெண்டு வார்த்த எழுதுங்க."