ஓல்ட் பாய் கொடுத்த இன்டர்வியூ

இங்கிலாந்தில் இருக்கும் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தைப் பற்றி, அதைக் கட்டின கொத்தனாரைவிட அதிகம் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலாக்காவில், எங்கள் காஜா பெராங்கில் இருந்தார். இங்கிலாந்துக்குப் போனவரா என்றால் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்துக்குமே போனவர் இல்லை!

வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவில் அவர் 'பாய்'. விரித்துப் படுக்கிற பாய் என்று நினைத்துவிடாதீர்கள். சமையலிலிருந்து சட்டைப் பொத்தான் வரை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரருக்குத் துரைமார் வைத்திருந்த பெயர் அது. தலை நரைத்தாலும் பாய்தான். அவருடைய துரை வாயைத் திறந்தால் தான் படித்த பள்ளிக்கூடம்தான் வரும். எந்தப் பாதிரியார் ஆரம்பித்தது, மணிக்கூண்டுக்கு எத்தனை படி, பனி கொட்டுகிற மாதத்தில் பச்சைத்தண்ணீர்க் குளியல், பிரம்படி வாங்கிவிட்டு 'தேங்க்யூ சார்' என்று கைகுலுக்கும் வழக்கம். ஜப்பான்காரர் ஆண்ட மூன்றரை வருஷம் போக, இருபத்திரண்டு வருஷம் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்ட மனுஷனுக்கு அத்தனையும் மனப்பாடம். தெங்கேரா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனாலும் இதே பேச்சுதான். "மொதல்ல மீனப் புடிங்க, மத்த படியெல்லாம் நாளைக்கி ஏறிக்கலாம்" என்று மீன்காரர் கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தது. ஊரே கொடி பிடித்துக் குதித்தது. துரை மூட்டை கட்டினார். தன் பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட டையை இவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். இவருக்கு வேலையும் போயிற்று, தங்கியிருந்த அறையும் போயிற்று. வயதான காலத்தில் நடுத்தெருவில் நின்றார்.

அப்போதுதான் எஸ்டேட் பிள்ளைகள் டவுனில் தங்கிப் படிக்க எங்கள் ஊர்த் தமிழர் சங்கம் ஒரு ஹாஸ்டல் திறந்தது. வார்டன் தேவை. தங்க இடமும் உண்டு. நான் சங்கத்தின் கிளார்க். பெட்டிஷன் எழுதுகிறவரிடம் சொல்லி இவர் எழுதி வாங்கிய விண்ணப்பத்தை நான்தான் பிரித்தேன். 'ஓல்ட் பாய், இருபத்திரண்டு வருஷம். ஓல்ட் பாய்ஸ் டின்னருக்கு ஒரு வருஷமும் தவறியதில்லை' என்று இருந்தது, கூடவே அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரும்!

இங்கிலீஷில் ஓல்ட் பாய் என்றால் பழைய மாணவர். சங்கத் தலைவருக்கு அது தெரியும். புக்கிட் பாருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவருக்கு இவரைத்தான் தெரியாது. "அலாமா! இங்கிலாந்துல படிச்சவரு நம்ம ஹாஸ்டலுக்கா? ஒடனே மாலைக்குச் சொல்லுய்யா!" என்று குதித்தார். எனக்கு விஷயம் தெரியும். பாவம், பிழைத்துப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன்மேல் அந்த டை. அந்தக் கோலத்தில் வந்து நின்றவருக்குத் தலைவர் எழுந்து மாலை போட்டார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான்! பாதிரியார், மணிக்கூண்டு, படிகள் என்று இவர் பொழிந்து தள்ளிவிட்டார். தலைவர் சொக்கிப்போனார்.

"எந்த வருசம் கப்பல் ஏறுனீங்க?"

"கப்பலாங்கய்யா? எனக்குப் படகப் பாத்தாலே மயக்கம் வருங்க."

"அப்பறம் ஓல்ட் பாய்னு போட்டிருக்கு?"

"ஆமாங்க. பாயா சேந்தேன், ஓல்டாயிட்டேன்."

"டின்னருக்குப் போனதா எழுதியிருக்கீங்களே!"

"ஒரு வருசம் தவறலீங்க. நான் வேல பாத்த தொரை பங்களாவுலதான் விருந்து நடக்கும். சூப்புலேருந்து புட்டிங் வரைக்கும் நாந்தான் பரிமாறுனேன். வயசான பாய்ங்களுக்கு விருந்துன்னு சொல்லிட்டு, அந்தப் பாயையே பரிமாறச் சொல்றாங்களேன்னு எனக்கும் அப்பப்ப சந்தேகந்தாங்க."

எனக்குச் சிரிப்பு முட்டியது. தலைவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "மாலையக் கழட்டுய்யா" என்றார் என்னிடம். என் கை நீளவே மறுத்தது.

பெரியவரே அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தப்பா எழுதியிருந்தா மன்னிச்சிருங்கய்யா. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிர்றேன். தொரைய ஏழு வயசுல அந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி விட்டாங்களாம். மணிக்கூண்டு இருந்துச்சு, பாட்டு இருந்துச்சு, பெரம்பு இருந்துச்சு. சாப்டியான்னு கேக்க மட்டும் ஒரு ஆளு இல்லியாம். இத அவரு ஒரே ஒரு தடவதான் சொன்னாரு. அவரு கண்ணு கலங்கிப்போச்சு. இங்க வர்ற புள்ளைங்கள நான் கேட்டுக்குவேன்னுதாங்க மனு போட்டேன்."

பத்து வயதில் காரைக்குடிப் பக்கமிருந்து தன்னந்தனியாகக் கடைப்பையனாகக் கப்பலில் வந்து இறங்கியவர் எங்கள் தலைவர். சட்டென்று எழுந்து, மேசைமேல் இருந்த மாலையை எடுத்து மறுபடியும் இவர் கழுத்தில் போட்டார்.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? ஹாஸ்டல் சாவிய எடுத்துக் குடு!" என்று என்மேல் பாய்ந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் சாவி கையிலிருந்து நழுவி இரண்டு தரம் கீழே விழுந்தது.

நான் ஹாஸ்டல் பிள்ளை இல்லை, வெறும் கிளார்க். ஆனாலும் வாசலைத் தாண்டும்போதெல்லாம் என்னையும் நிறுத்தி, சாப்பிட்டாயா என்று கேட்பார். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாலும், இல்லை என்றுதான் சொல்வேன்.