பஞ்சு அண்ணன் காதில் சரிந்த மலை

தன் காதுக்குத் தானே டாக்டராகவும் தானே நோயாளியாகவும் இருந்து, இரண்டு வேலையையும் ஒருசேரக் கெடுத்தவர் கேமரன் மலையிலேயே பஞ்சு அண்ணன் ஒருவர்தான். இடது காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும். தேயிலை நிரைக்கு வலப்பக்கம் அவர், இடப்பக்கம் நான். சளி பிடித்தால் போதும், அவர் காதில் சீழ் வடியும். உடனே பூண்டெண்ணெய், வெங்காயச் சாறு என்று சமையல் தொடங்கிவிடும். ஒருநாள் சார்ஜில் சூடேறிய கைப்பேசியைக் காதில் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அது மணியடிக்க, கட்டிலிலிருந்து விழுந்தார். சமையலறையிலிருந்து கூப்பிட்டது அவர் மனைவிதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அசைய மாட்டார். "டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்தா மூளை தெரிஞ்சிடும்லா. அப்புறம் அதுக்கும் மருந்து குடுப்பாங்க" என்பார்.

காது குத்தினால் மத்தியானம் மழை வரும் என்றும் சொல்வார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் அவரைக் கேட்டுத்தான் துணி காயப்போடுவார்கள். அவர் சொன்னது அநேகமாகப் பலித்தது. கேமரனில் மத்தியானம் மழை வராத நாள் எது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் வலி மண்டை வரை ஏறியது. பிறகு சீழ் கொட்டி வலி குறையவே, பூண்டு ஜெயித்துவிட்டது என்று அறிவித்துவிட்டு வேலைக்கு வந்தார். அன்றைக்கு நாங்கள் வெட்டிய நிரை மேடும் பள்ளமுமாக இருந்தது. செடிக்கு முடி வெட்டுகிறோமா, படிக்கட்டு கட்டுகிறோமா என்று கங்காணி கேட்டார். மிஷின் இரைச்சலில் தலை சுற்றுகிறது என்றார் அண்ணன். மிஷினை அணைத்தேன். இன்னும் ஏன் அணைக்கவில்லை என்று கேட்டார்.

அடுத்த நொடி ஒரு தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மலை சரியுது, ஓடுங்க" என்றார்.

மண்சரிவு என்றால் எங்கள் ஊரில் யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். மொத்தக் கூட்டமும் ரோட்டுக்கு இறங்கியது. முதல் ஆளாகப் போய் நின்றவர் கங்காணி. திரும்பிப் பார்த்தால் மலை நின்ற இடத்திலேயே நின்றது. செடியை விடாமல் படுத்துக் கிடந்தவர் பஞ்சு அண்ணன் மட்டும்தான். ஏறிப்போய்ப் பார்த்தேன். அவர் கண்கள் தாமாகவே பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

கொழுந்து கட்டும் படுதாவில் வைத்துத் தூக்கி லோரியில் ஏற்றினோம். தானா ராத்தா டவுன் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தார். வாந்திக்கு நடுவே, வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று டிரைவரையும் திட்டினார்.

ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் ஒரு டாக்டரம்மா இருந்தார். மலை சரிந்ததா இல்லையா என்று அண்ணன் அவரிடமே கேட்டார்.

"மலை அங்கேயேதான் இருக்கு அங்கிள். உங்க காதுதான் சரிஞ்சிருச்சு."

நடுக்காதில் சீழ் கட்டி வீங்கினால், அந்த நஞ்சு மெல்லிய சவ்வு வழியாக உள்காதுக்குக் கசியுமாம். நாம் கேட்பதற்கும் தள்ளாடாமல் நிற்பதற்கும் அந்த உள்காதுதான் பொறுப்பாம். இதற்குமேல் விட்டால் மூளையைச் சுற்றியும் பரவும் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே போகும்போது அண்ணன் என் கையை விடவே இல்லை. "தம்பி, இனிமே நான் மலையில நிப்பனாடா?" என்றார். நிற்பீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

ஊசி மருந்தில் சீழ் அடங்கியது. தலைசுற்றல் போக மாதங்கள் பிடித்தன. லயத்துச் சுவரைப் பிடித்து நடந்து, பிறகு விட்டு நடந்து, கடைசியில் மலையேறினார். இப்போது யாராவது காது வலிக்கிறது என்றால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார். காதில் கம்மலைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கங்காணி மகளைக்கூட விடவில்லை.

இடது காதுக்கு மட்டும் கேட்கும் சக்தி திரும்பவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நின்று என்ன பேசினாலும் சிரித்துத் தலையாட்டுவார்.

தோள் வலிக்கிறது என்று கங்காணியிடம் சொல்லி, மிஷினில் நான் வலப்பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். இப்போது அவருடைய நல்ல காது என் பக்கம் இருக்கிறது. பேசுவதெல்லாம் அவர்தான். இருந்தாலும், எப்போதாவது நான் ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குக் கேட்க வேண்டுமே.