கூடாது காக்காவும் வேகாத நூலும்

எல்லோரும் ஆட்களை உள்ளே கூப்பிடத்தான் கடை திறப்பார்கள். வந்தவர்களைத் திருத்தி வெளியே அனுப்புவதற்கென்றே கடை திறந்த மனிதர், பாண்டிருப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் இந்தக் கரையோரத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவருடைய இத்தாலியச் சாப்பாட்டுக் கடை கல்முனையில், பிரதான வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிறது. வாப்பாவும் உம்மாவும் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதை அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் பாவிப்பதில்லை. ஊருக்கு அவர் கூடாது காக்கா. எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்.

பீட்ஸாவுக்குத் தக்காளி சோஸ் கேட்டால், கூடாது. பீட்ஸாவோடு குடிக்க ஒரு பிளேன்டி கேட்டால், கூடாது. மேசையில் உப்பு வைப்பது, ஸ்பகெட்டியை முறிப்பது, உறைப்புக்குக் கொச்சிக்காய் கேட்பது, சோறு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது எல்லாமே கூடாது. "நம்மட மௌலவி ஒரு வருசத்துக்குச் சொல்ற 'கூடாது' எல்லாத்தையும், இந்த மனிசன் ஒரு பின்நேரத்தில சொல்லி முடிச்சிருவார்" என்பாள் என் மனைவி. மௌலவியாவது சில விசயங்களைக் கூடும் என்பார். இவரிடம் அந்தச் சொல் கையிருப்பிலேயே இல்லை.

கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில், ஓர் இத்தாலியச் சமையல்காரருக்குக் கீழே கனகாலம் வேலை செய்துவிட்டு வந்தவர் அவர். இத்தாலியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் "இத்தாலில இப்பிடிச் செஞ்சா மேசைய விட்டு எழுப்பிப்போடுவானுகள்" என்று அவர் சொல்லும்போது, நீங்கள் எப்போது போனீர்கள் என்று கேட்க யாருக்கும் வாய் வராது. உண்மையிலேயே எழுப்பிவிடுவாரோ என்ற பயம்தான்.

கடையின் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலியில் சாய்ந்துபோய் நிற்கிற கோபுரம் ஒன்று இருக்கிறதே, அதை வரையும்படி படம் கொடுத்து ஒரு பெயின்டரைப் பிடித்தார். பெயின்டர் நல்ல மனிசன். வேலை முடிந்து பார்த்தால் கோபுரம் நேராக நிற்கிறது. கேட்டதற்கு, "படத்தில சாஞ்சி கிடந்திச்சி காக்கா, நான் நிமித்திட்டன்" என்றாராம். அன்றிலிருந்து தூரத்தால் வருகிறவர்கள் அதைப் பள்ளிவாசல் மினாரா என்று நினைத்து, வாகனத்தை நிறுத்தி, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கிற இடம் எங்கே என்று கேட்பார்கள். கேட்டவர்களைத் தன் கடைத் தண்ணீரிலேயே ஒழு எடுக்க வைத்து, பள்ளிக்கு வழி காட்டி அனுப்புவார். அவருக்கு அதிகமாக வந்த வாடிக்கையாளர் அவர்கள்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

ஒருநாள் நாலைந்து இளந்தாரிமார் போய், "காக்கா, இந்த ஸ்பகெட்டிய ரெண்டு தட்டுத் தட்டிக் கொத்துரொட்டி மாதிரிக் கொத்தாப் போட்டுத் தாங்களன்" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அடுப்பை அணைத்தார், கதவைச் சாத்தினார், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். இன்னொருவர் சோஸ் போத்தலை இடுப்புச் சாரன் மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுபோய்ப் பிடிபட்டார். அப்படிப் பிடிபடுகிற போத்தல்களுக்கென்று காசுமேசைக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது திருப்பிக் கொடுப்பார், ஒரு புத்திமதியோடு.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை நூல் சண்டை. மருதமுனைக் கைத்தறிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஸ்பகெட்டியை நாங்கள் வேறு என்னவென்று சொல்வது, நூல் என்றுதான் சொல்வோம். அந்த நூலை அவர் முக்கால்வாசி வேகவைத்து இறக்கிவிடுவார். அதுதான் முறையாம். "நூல் வேகல்ல" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும், தோளில் கிடக்கிற துவாயை எடுத்து மேசையில் போட்டுவிட்டு, பல்லில் அது எப்படித் தட்டுப்பட வேண்டும் என்று விளக்கத் தொடங்குவார். மருதமுனை நெசவுக்காரர் ஒருவர் ஓர் இழையை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது சாரனுக்கு நல்லாத் தாங்கும்" என்றார். அவருக்கு அந்தக் கடையில் இன்றுவரை இடம் இல்லை.

இப்படிப்பட்ட கடைக்குப் பெற்ற தாயையும் உடன்பிறந்தவர்களையும் எவனாவது கூட்டிக்கொண்டு போவானா? நான் போனேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

எனக்கு மூத்தவ ராத்தாவும் இளையவள் தங்கச்சியும் ஒரே வளவில் இருப்பவர்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வளவைப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் வீடு கொடுத்தாகிவிட்டது. நடுவில் ஒரு மதில்தான். ராத்தா தன் மூத்த மகளின் கலியாணத்துக்கு எல்லோருக்கும் சொல்வது போலத் தங்கச்சிக்கும் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழை அனுப்பிவிட்டா. கலியாணத்துக்கு வீட்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம் மாதிரி. "கண்டியில இரிக்கிற ஆளுக்கு வாட்ஸ்அப்புல சொல்லலாம். மதிலுக்கு அங்கால இரிக்கிற எனக்குமா" என்றாள் தங்கச்சி. "சொந்தத் தங்கச்சிக்கு வெளியாள் மாதிரிப் போய்ச் சொல்லுவாங்களா? அது அவட வீட்டுக் கலியாணமும்தானே" என்றா ராத்தா. இரண்டும் நியாயம்தான், அதனால்தான் தீரவில்லை. கலியாணத்தன்று தங்கச்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு இறக்காமத்துக்கு, புருசனைப் பெற்ற மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

இதற்குள் உம்மாவுக்கு மக்காவுக்கு உம்றாப் பயணம் சரிவந்தது. விசாவும் வந்து, அடுத்த கிழமை விமானம். அப்போதுதான் உம்மா பாஸ்போட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டா.

"பெத்த ரெண்டும் மொகத்தத் திருப்பிக்கொண்டு திரியக்குள்ள, நான் என்ன முகத்தோட கஃபாட முன்னால போய் நிக்கிற? ரெண்டும் கதைச்சாத்தான் நான் போவன் மனே. இல்லாட்டி இல்ல."

மகள்மார் இரண்டு பேரும் அழுதார்கள். ஆனால் இருவருக்கும் பதில் ஒன்றுதான்: "அவ முதல்ல கதைக்கட்டும்." ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் வரமாட்டாள். என் மனைவி வீட்டில் கூடலாம் என்றால், மதினிக்கு முன்னால் மானம் போகும் என்றார்கள். வேறு சாப்பாட்டுக் கடைகளில் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள். ஊரில் எப்போதும் காலியாக இருக்கிற ஒரே கடை கூடாது காக்காவுடையது. மச்சான்மார் இரண்டு பேரும் அவசர வேலை சொல்லித் தப்பிக்கொண்டார்கள். உம்மா, ராத்தா, தங்கச்சி, நான் என்று நாலு பேரும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு போய் இறங்கினோம்.

உம்மாவும் நானும் நடுவில், அவர்கள் இரண்டு பேரும் மேசையின் இரண்டு தொங்கலில். மாட்டிறைச்சி போட்ட ஸ்பகெட்டி ஒன்று பெரிதாகச் சொல்லி நாங்கள் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன்.

"ஆளுக்கொரு பிளேட்" என்றார் கூடாது காக்கா. "ஒரு பிளேட்டில ரெண்டு கை கூடாது."

நாலு பிளேட், நாலு முள்ளுக்கரண்டி வந்தன. என் திட்டம் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை, நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை. கோபக்காரர்களுக்கென்றே கண்டுபிடித்த சாப்பாடு போல இருந்தது.

"உம்மா, உங்கட சின்ன மகளுக்குத் தடிமன். ஃபேனுக்குக் கீழ இரிக்க வேணாமெண்டு சொல்லுங்க" என்றா ராத்தா, சுவரைப் பார்த்து.

"உம்மா, உங்கட மூத்த மகள்ட அபாயாக் கை சோஸ்ல படுது. இழுத்துவிடச் சொல்லுங்க" என்றாள் தங்கச்சி, கூரையைப் பார்த்து.

"நான் என்ன தபால் கந்தோரா?" என்றா உம்மா.

பிறகு உம்மா முள்ளுக்கரண்டியைப் பிடித்தா. சுற்றினா, அது வழுக்கியது. மறுபடி சுற்றினா, ஓர் இழை மட்டும் ஏறி வந்து வாய்க்குப் பக்கத்தில் விழுந்தது. கரண்டியை வைத்துவிட்டுக் கையை நீட்டினவ, குசினி வாசலில் கூடாது காக்கா நிற்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டா.

"கையால கூடாதோ தம்பி?"

பதிலுக்குக் காத்திராமல் உம்மா பிளேட்டைத் தள்ளி வைத்தா.

"எனக்குப் பசியில்ல மனே. போவம்."

இப்போது எழும்பி வீட்டுக்குப் போனால் அந்த அலுமாரி திறக்காது என்று எனக்குத் தெரியும். மகள்மாருக்கும் தெரியும். இரண்டு பேருடைய கண்ணும் நிறைந்துவிட்டது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. பிடிவாதத்தில் இரண்டும் வாப்பாவைக் கொண்டு பிறந்ததுகள்.

அந்த நேரம் பார்த்து கூடாது காக்கா வந்து, நாலு பிளேட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சரி, எழுப்பிவிட்டார் என்று நினைத்தேன். காசு கொடுக்க நான் எழும்பி நிற்க, பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவருடைய வீடு கடைக்குப் பின்னால்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"எழும்புங்க. எல்லாரும் கையக் கழுவிட்டு உள்ளுக்கு வாங்க."

உள்ளறையில் நிலத்தில் பாய் விரித்திருந்தது. பாய்க்கு நடுவில் ஒரு சஹன். எங்கள் விருந்துகளில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து கை வைக்கிற பெரிய தட்டு அது. பெருநாளைக்கு மட்டும் வெளியே வருகிற, அவர் வீட்டுச் சஹன். அதில் எங்கள் நாலு பிளேட் நூலும் ஒரே குவியலாக இருந்தது, மேலே இறைச்சி.

"காக்கா, ஒரு பிளேட்டில..." என்று தொடங்கினேன்.

"இது பிளேட் இல்ல" என்றார்.

சஹனில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்க வழியில்லை. முழங்காலும் முழங்காலும் முட்டத்தான் இருந்தாக வேண்டும். உம்மா பிஸ்மி சொல்லிக் கை வைத்தா, நாங்களும் வைத்தோம். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சஹனில் இறைச்சியைப் பிய்த்து ஆளாளுக்குத் தள்ளுவது ராத்தாதான். அவவுடைய கை அதைத் தன்பாட்டில் செய்யத் தொடங்கியது. உம்மாவுக்கு மெதுவான துண்டு, எனக்கு எலும்போடு ஒன்று, கொழுப்புள்ளது தங்கச்சிக்கு. அதைத் தங்கச்சியின் பக்கம் தள்ளிவிட்ட பிறகுதான் கை நின்றது. கோபம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

தங்கச்சி அந்தத் துண்டைப் பார்த்தாள். எடுத்து, கொஞ்சம் நூலோடு சேர்த்து வாயில் வைத்தாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள்.

"நூல் வேகல்ல" என்றாள், சஹனைப் பார்த்து.

"ஓம். உள்ளுக்குப் பச்சையாக் கிடக்கு" என்றா ராத்தா.

"இடியப்பத்த இப்பிடி அவிச்சா என்ட மாமி அத என்ட மூஞ்சில எறிவா, ராத்தா."

"உன்ட மாமி எறிவா. என்டவ எறிஞ்சிட்டு எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லுவா."

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ராத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு மாறி இவள் அழுதாள், அவ சிரித்தா. உம்மா ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தா. முந்தானையால் மட்டும் இரண்டு தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டா.

நான் வாசலைப் பார்த்தேன். கூடாது காக்கா நின்றுகொண்டிருந்தார். 'நூல் வேகல்ல' என்ற சொல் அவர் காதில் தெளிவாக விழுந்திருந்தது. கை துவாய்க்குப் போனது, வாய் திறந்தது. உம்மாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் பொறுத்துப்போய்ச் செய்த பெரிய சபுறு அதுதான் என்று நான் எங்கேயும் சொல்வேன்.

"தம்பி" என்றா உம்மா, "கொஞ்சம் கொச்சிக்காய்ச் சம்பல் வைக்கக் கூடுமா?"

அவர் கூரையைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். அவர் சாயப்போவதைப் பலகையில் நேராக நிற்கிற கோபுரம் நல்லவேளை அங்கிருந்து காணவில்லை.

"கூடும் உம்மா" என்றார்.

கொண்டுவந்து வைத்த கோப்பையில் சம்பல் அரைவாசிதான் இருந்தது. ஏற்கனவே யாரோ கரண்டி போட்ட சம்பல். அவரும் நூலை இதோடுதான் சாப்பிடுகிறார் என்று எனக்கு விளங்கியது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு விளங்கியது அவருக்கும் விளங்கியது.

காசு கொடுக்கும்போது குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "இத வெளிய கதைக்கக் கூடாது." நானும் தலையாட்டினேன். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் ராத்தா, மதிலுக்கு மேலால் கூப்பிடாமல், வீதியால் சுற்றி நடந்து, தங்கச்சி வீட்டு முன்வாசலால் போய், "உம்மா பயணம் போறா புள்ள, பகலைக்கு எல்லாரும் நம்மட வீட்ட சாப்பிட வாங்க" என்று வாயால் சொன்னா. அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மா இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தா.

உம்மா போய் நல்லபடியாக வந்து சேர்ந்தா. கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் முதல் பொதியைக் கூடாது காக்காவுக்கென்று தனியாக எடுத்து வைத்தா. பயணக்கதை கேட்கக் கூடியிருந்தபோது, அங்கே யார் யாருக்கெல்லாம் துஆக் கேட்டீர்கள் என்று கேட்டோம்.

"எல்லாருக்கும்தான். அந்தக் கூடாது காக்காட கடை நல்லா ஓடணும் எண்டும் கேட்டன். அவர்ட நூல் நல்லா வேகணும் எண்டும் கேட்டன்."

எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன், முதல் துஆவுக்கு மட்டும்.