நான் பெயிலாக்கிய வாயு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களின் சமூகத்திற்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு நீங்களும் என் மகளும், உங்கள் ஆய்வுக்கூடத்துத் தட்டுகளில் வளரும் செல்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். அந்தச் செல்களில் பாதியை நீங்களே கொல்வதாக மகள் சொன்னாள். மீதிப் பாதிக்கு என் ஆசிகள்.

இது முழுக்க முழுக்கப் பொது அறிவுக்காக எழுதப்படும் கடிதம். எனக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை. மாடி ஏறினால் அழுத்துகிறது, அதனால் ஏறுவதில்லை. டாக்டர்தான் சும்மா இராமல், அழுத்தும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். உள்ளே போய் என்ன செய்யும் என்று கேட்டேன். "நைட்ரிக் ஆக்சைடா மாறி ரத்தக் குழாயைத் தளர்த்தும். உங்க உடம்பே தினமும் அதைச் செய்யுதுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் எந்த வாயுவுக்காக இத்தனை காலம் லாரிகளைப் பெயிலாக்கி, லாரிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேனோ, அதே வாயு! அதை நானே வாயில் போட்டுக்கொள்வதா? மாத்திரையைத் தொடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனதும் புகைக் கருவியின் குழாயை வாயில் வைத்து ஊதினேன். துடைத்துவிட்டுத்தான். கருவி வண்டி எண் கேட்டது, வீட்டு எண்ணைப் போட்டேன். நைட்ரிக் ஆக்சைடு பூஜ்யம், இன்ஜின் ஓடவில்லை என்று சீட்டு வந்தது. கூட வேலை செய்பவன் எட்டிப் பார்த்து, "அண்ணே, தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?" என்கிறான். டாக்டரின் பொய்யைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், மாத்திரை விஷயத்தை மட்டும் மறைத்து, மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா, அவ்வளவு கொஞ்சமா இருக்கறது உங்க மெஷினுக்குத் தெரியாதுப்பா" என்றாள். பின்னால் நீங்கள் சிரித்ததும் கேட்டது.

அவள் மேற்கொண்டு சொன்னதிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல் இந்த வாயுவை வெளியே விடுகிறதாம். அது கதவு தட்டாமல் அடுத்த தசைச் செல்லுக்குள் ஊடுருவி, கொஞ்சம் தளர்ந்துகொள் என்று தகவல் சொல்லிவிட்டு, சில நொடிகளில் காணாமல் போகிறதாம். இவ்வளவு அடக்கமான ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே ஆசாமி கூட்டமாக வந்தால், செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பையே முடக்கிவிட, அந்தச் செல் தன்னைத் தானே ஒழுங்காகத் துண்டு போட்டுக்கொண்டு செத்துப்போகிறதாம். கொஞ்சமாக வந்தாலோ, சாக இருந்த செல்லைப் பிழைக்க வைப்பதும் உண்டாம். அப்படியானால் அளவு எது மாப்பிள்ளை? எங்கள் நிலையத்தில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். உடம்பில் எங்கே ஒட்டியிருக்கிறது? யார் பார்த்து பாஸ் போடுகிறார்கள்? சாகச் சொன்ன செல் முடியாது என்றால் என்ன செய்வார்கள்? பதில் வரும்வரை மாத்திரை அலமாரியில்தான். "லாரியப் பாத்துப் பாத்து நீங்களும் லாரியாவே ஆயிட்டீங்க. பேசாம வாயில போடுங்க" என்று உங்கள் மாமியார் கத்துகிறாள். அவளுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை கிடையாது.

விவரமாக எழுதி அனுப்பினால் போதும். லீவு போட்டுக்கொண்டு கிளம்பி வர வேண்டாம். மகளிடம் மூச்சு விடாதீர்கள். இருவரும் தளர்ந்த ரத்தக் குழாய்களோடு நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க நடந்தேன். தெருமுனை திரும்புவதற்குள் நெஞ்சைப் பிடித்து அமுக்கியது. மதிலோரம் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மாமியார் மாத்திரைக் குப்பியோடு பின்னாலேயே வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. "வாயத் திறங்க" என்றாள். திறந்தேன். கொஞ்ச நேரத்தில் தலை விண்விண்ணென்று வலித்தது, ஆனால் நெஞ்சின் பிடி விட்டது. வீடு வந்த பிறகும் அவள் அந்தக் குப்பியைக் கீழே வைக்கவில்லை. பயந்துபோனேன் மாப்பிள்ளை. வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடவும். மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி, கையோடு அழைத்து வாருங்கள். பதிலை எழுத வேண்டாம். எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் நிறையத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.