முல்லைத்தீவுப் பனிக்கரடிகள்

முல்லைத்தீவில் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாடியவன் நான். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான்.

கழகத்தைத் தொடங்கியவர் கனடாவிலிருந்து வந்த சூட்டி மாமா (அம்மாவின் தம்பி, பனியில் நெடுங்காலம் இருந்ததில் மூளையும் கொஞ்சம் உறைந்தவர்). மாதச் சம்பளம் என்றதும் முதல் ஆளாகச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் அண்ணனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அப்பாவோடு வள்ளத்தில் ஏறாமலிருக்க எந்த வேலையும் எனக்குச் சம்மதம்.

"உது வேலையோ, விளையாட்டோ?" என்று கேட்டார் அப்பா.

"ரெண்டும்தான் அப்பா" என்றேன் பெருமையாக.

பெயர் வைப்பதில் சிக்கல் வந்தது. எந்த மிருகத்தின் பெயரையும் வைக்கலாம், ஒன்றைத் தவிர. பனிக்கரடிகள் ஆனோம்.

மீனுக்கு ஐஸ் செய்யும் இடத்துப் பழைய கொட்டகையில் ஐஸ் கட்டிகளை அடுக்கித் தளம் போட்டார் மாமா. சித்திரை வெயில். எதிரணி கிடைக்காததால் எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்தோம். முதல் ஆட்டத்துக்கு முன் பங்குத்தந்தை ஆசீர்வதித்தார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் உரையாற்றினார்கள், ஒவ்வொருவராக. அவர்கள் முடிக்கும்போது ஐஸுக்கு மேல் தண்ணீர் நின்றது (மீன் நாற்றம் வேறு).

நான் கோல் காப்பவன். வந்த ரப்பர் வட்டைத் தடுக்கப் பாய்ந்தேன். சறுக்குச் சப்பாத்தின் கத்தி இரண்டு கட்டிகளுக்கு நடுவில் சிக்கியது. நான் ஒரு பக்கம் திரும்பினேன். என் கால் திரும்பவில்லை.

வைத்தியசாலையில் தாதி கேட்டார். "என்ன நடந்தது தம்பி?"

"ஐஸால வந்தது மிஸ்."

எழுதிய கை நின்றது. "எவ்வளவு காலமாப் பழக்கம்?"

"ரெண்டு மாசம். கனடாவில இருந்து வந்த மாமாதான் பழக்கினவர். சம்பளமும் தந்தவர்."

"வேறை பெடியளும் இருக்கினமோ?"

"ஓம் மிஸ். எல்லாரும் ஒரு கொட்டகைக்குள்ளதான் பழகினனாங்கள்."

(இங்கே இப்போது ஐஸ் என்றால் பிள்ளைகளைத் தின்னும் போதைத்தூள் என்பது வலியில் எனக்கு மறந்துவிட்டது.)

சற்று நேரத்தில் கட்டிலருகே பொலிஸ். மாமாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய சூட்கேஸ்களில் சப்பாத்துகளைத் தவிர ஒன்றும் அகப்படாததால் அடுத்த நாள் விட்டார்கள். கனடாவுக்குப் போனவர் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. கழகமும் முடிந்தது.

காலில் தகடு வைத்தார்கள். ஆடும் வள்ளத்தில் அந்தக் கால் நிற்காது. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வருபவர்கள் குளிர்தண்ணி கேட்டால், தங்கச்சி குசினியிலிருந்து சொல்வாள்: "அண்ணையிட்டைக் கேளுங்கோ. ஐஸ் கேசில பிடிபட்டவர் அவர்தான்."

எல்லோரும் சிரிப்போம். அப்பா மட்டும் எழுந்து, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, தனியாக வள்ளத்தடிக்குப் போய்விடுவார்.