இரண்டு றாத்தல் கழிவு

நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. கடைக்காரர் சலுகை கொடுத்தால்கூட எதை ஒளிக்கிறார் என்றுதான் யோசிப்பேன். ஐம்பதுகளின் கடைசியில் இந்தக் குணத்தால் என் படிப்பே போகப் பார்த்தது.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து பதுளைக்கு வந்து, பள்ளிக்கூட விடுதியில் இடம் கிடைத்த புதிது. பௌதிக மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சந்தேகப்படுவதில் எனக்கே அண்ணன். ஒரு வெள்ளிக்கிழமை தராசு வைத்த வீட்டுக்கணக்கு பத்துக் கொடுத்தார். முதலாவது இது: தொங்கு தராசில் ஓர் இரும்புக் கட்டி மாட்டியிருக்கிறது. தராசு பதினான்கு றாத்தல் காட்டுகிறது. கட்டியின் நிறை என்ன?

இத்தனை படித்த மனிதர் இவ்வளவு சுலபமாகக் கேட்பாரா? ஏதோ சூது இருக்கிறது என்று வெகுநேரம் முழித்தேன். பிறகு பிடிபட்டது. தராசு காட்டுவதை எவனாவது அப்படியே நம்புவானா? அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, கணக்கப்பிள்ளை ஈரத்துக்கென்று இரண்டு றாத்தல் கழித்துத்தானே சொல்வார்? பன்னிரண்டு என்று எழுதினேன். (அடியில் இரட்டைக் கோடு வேறு.) மற்ற ஒன்பதிலும் விடாமல் கழித்தேன்.

திங்கட்கிழமை மாஸ்டர் இரண்டு கொப்பிகளைத் தூக்கிப் பிடித்தார். ஒன்று என்னுடையது. மற்றது பூனாகலைத் தோட்டத்து முத்தையாவுடையது.

"பத்துக் கணக்கும் பிழை. பத்திலயும் ரெண்டு றாத்தல் குறைவு. ஆரடா ஆரைப் பாத்து எழுதினது?"

"பாக்கல சேர்."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே பிழை வானத்தாலையோ விழுந்தது?"

முத்தையாதான் பார்த்தெழுதியிருக்கிறான் என்று நான் அவனை முறைத்தேன். அவன் என்னை முறைத்தான். கழிவைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. ஊருக்கே தெரிந்ததை யாராவது விளக்குவார்களா? தாய் தேப்பனைக் கூட்டிக்கொண்டு வராவிட்டால் விடுதியில் பெயர் வெட்டப்படும் என்றார் மாஸ்டர். விடுதி போனால் படிப்பும் போச்சு. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலையாளாகப் போய் நிற்க வேண்டியதுதான்.

ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அம்மா வந்தாள். மாஸ்டர் கணக்கை வாசித்துக் காட்டி, என் விடையையும் சொன்னார். அம்மா யோசித்தாள்.

"புள்ள சரியாத்தானேங்க போட்டிருக்கு? ஈரத்துக்கு ரெண்டு கழிக்கணும்ல?"

"இரும்பில என்ன ஈரம் அம்மா?"

"மழையில நனைஞ்சிருக்கும்ங்க."

மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. முத்தையாவைக் கூப்பிட்டார். "உங்கட தோட்டத்திலயும் கழிக்கிறவையோ?"

"ஆமாங்க சேர். ரெண்டு."

மாஸ்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "காய்ஞ்ச சாமானுக்குக் கழிவு இல்லை அம்மா. தராசு காட்டுறதுதான் நிறை."

"அப்ப வெயில் நாள்லயும் எங்க கொழுந்துல கழிக்கிறாங்களே, அது எதுக்குங்க ஐயா?"

எந்தக் கணக்குக்கும் விடை வைத்திருந்த மனிதர் விடுதிப் பதிவேட்டை மூடிவைத்தார். பத்துக் கணக்கையும் கோட்டை விட்ட எனக்கு, அம்மா கேட்ட பதினோராவது கணக்கு தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. விடுதி தப்பியது. (பூச்சியம் பூச்சியமாகவே இருந்தது.)

பல வருஷம் கழித்து என் மூத்த மகள் பிறந்தாள். தாதி வெளியே வந்து, "ஏழு றாத்தல்!" என்றாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கழிச்சா, கழிக்காமலா?"

அந்த மகளே இப்போது பாட்டியாகிவிட்டாள். பேரப்பிள்ளைகள் பரீட்சைப் புள்ளியைச் சொன்னால் அவள் முதலில் கேட்பது இதைத்தான்.